முழங்கை மடிப்பில் ஒரு நன்றி

மனிதனின் முழங்கை உள்மடிப்பில், தோலுக்கும் அதை அடுத்த கொழுப்புக்கும் அடியில், இருதலைத் தசையின் நாணிலிருந்து பிரிந்து, சாய்வாகக் கீழிறங்கி, முன்கையின் சுண்டுவிரல் பக்கமாக விரிந்து, அங்குள்ள தசைகளைப் போர்த்தியிருக்கும் உறையோடு கலந்துவிடும் வெண்ணிறப் படலம் ஒன்று உண்டு. கையில் கீறி இரத்தம் வடிப்பதே பெரும்பாலான நோய்களுக்கு மருந்து என நம்பப்பட்ட நூற்றாண்டுகளில், அத்தொழிலைச் செய்துவந்த ஐரோப்பிய நாவிதர்களும் மருத்துவர்களும் இப்படலத்துக்குப் பிரெஞ்சு மொழியில் 'கிராஸ் ஆ தியூ' என்று பெயரிட்டு அழைத்தனர். படலத்துக்கு மேலே, கத்திக்கு எளிதில் எட்டும் இடத்தில், சிரை ஓடுகிறது. படலத்துக்குக் கீழே, கத்தி எட்டவே கூடாத இடத்தில், மேற்கையின் பெருந்தமனியும் அதன் பக்கத்தில் நடு நரம்பும் செல்கின்றன. கை தவறிச் சற்று ஆழமாக இறங்கிய முனையை இப்படலம் தடுத்து, தமனி அறுபடாமல் காத்தது என்பதே அப்பெயருக்குக் காரணம்.

'கிராஸ்' என்னும் சொல், மேலிருந்து இறங்கும் அருளையும் கீழிருந்து எழும் நன்றியையும் ஒருசேரக் குறிப்பது. தமிழில் இவை இரு வேறு சொற்கள். ஆகவே அப்பெயரைத் தமிழில் சொல்ல முயல்பவர் 'இறைவன் அருளால்' என்றோ 'இறைவனுக்கு நன்றி' என்றோ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். இது மொழிபெயர்ப்பின் சிக்கலாக மட்டும் நின்றுவிடுவதில்லை. முதலாவது தொடர் உலகைப் பற்றிய கூற்று: அப்படலம் கையைக் காக்கவேண்டும் என்று கருதி ஒருவரால் அங்கே வைக்கப்பட்டது என்பது அதன் உட்பொருள். இரண்டாவது தொடர், நன்மை பெற்றவர் அந்நன்மையின்முன் எவ்வாறு நிற்கிறார் என்பதைச் சொல்வது. முதலாவது பொய்யானால் இரண்டாவதும் பொய்யாகிவிடுமா, அதாவது யாரும் கருதிச் செய்யாத ஒரு நன்மைக்கு நன்றியுடையவராய் இருத்தல் பொருளுடையதுதானா என்னும் வினா, சமயங்களும் மெய்யியலும் மழையையும் விளைச்சலையும் உயிரையும் முன்வைத்து நெடுங்காலம் கேட்டுவந்த வினா. அதைக் கையின் சிரைகளை முன்வைத்துக் கேட்பதில் ஒரு வசதி உண்டு. வானத்தைப் போலன்றி, இங்கே பேசப்படும் பொருள் விரலுக்கு எட்டுகிறது, ஒவ்வொரு கூற்றையும் தொட்டுச் சரிபார்க்க முடிகிறது.

கையிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் இரண்டு அடுக்குகளில் செல்கிறது. ஆழ்சிரைகள் தசைகளின் நடுவே, தமனிகளை ஒட்டி, பெரும்பாலும் ஒரு தமனிக்கு இரண்டு என்ற கணக்கில் ஓடுகின்றன. மேற்சிரைகளோ தோலுக்கும் தசையுறைக்கும் இடைப்பட்ட கொழுப்பில், உடன்வரும் பெருந்தமனி ஏதுமின்றித் தனித்துச் செல்கின்றன. சிரை என்பது இதயத்தை நோக்கி இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய், தமனி என்பது இதயத்திலிருந்து அதைக் கொண்டுவரும் குழாய்; முன்னதன் சுவர் மெலிந்தது, உள்ளழுத்தம் குறைந்தது, விரலால் அழுத்தினால் தட்டையாகிவிடுவது. புறங்கையில் வலைபோல் பின்னிக் கிடக்கும் சிறு சிரைகளின் கட்டைவிரல் பக்கத்துக் கிளைகள் ஒன்றுகூடிச் செபாலிக் சிரையாகின்றன. அது முன்கையின் வெளிப்பக்கமாக ஏறி, இருதலைத் தசையின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு, தோள் தசைக்கும் மார்புத் தசைக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் சென்று, காறை எலும்புக்குக் கீழே உட்புகுந்து அக்குள் சிரையில் சேர்கிறது. சுண்டுவிரல் பக்கத்தில் தொடங்கும் பேசிலிக் சிரை முன்கையின் உட்பக்கமாக ஏறி, மேற்கையின் நடுப்பகுதியில் தசையுறையைத் துளைத்து ஆழத்துக்குச் சென்று, அங்குள்ள சிரைகளோடு கூடி, தானே அக்குள் சிரையாக வளர்கிறது. செபாலிக் என்றால் தலைக்குரியது என்று பொருள். ஆனால் அச்சிரை தலையின் பக்கமே போவதில்லை. இரத்தம் வடித்தவர்கள் தலைநோய்க்கு அதைத் திறந்தனர் என்பதுதான் தலைக்கும் அதற்கும் உள்ள உறவு. இப்னு சீனாவின் மருத்துவப் பெருநூலில் இவ்விரு சிரைகளும் அல்-கீஃபால், அல்-பாசிலீக் என்ற பெயர்களில் வருகின்றன. அச்சொற்கள் கிரேக்கத்திலிருந்து அரபிக்குச் சென்றனவா, அரபியிலேயே பிறந்தனவா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

இவ்விரண்டையும் முழங்கை மடிப்பில் குறுக்காக இணைப்பது நடு முழங்கைச் சிரை. மேலே சொன்ன படலத்தின் மீது சாய்ந்து செல்லும் இச்சிரையே இன்று ஆய்வகங்களிலும் இரத்த வங்கிகளிலும் ஊசி முதலில் தேடும் இடம். அது பருத்தது, தோலுக்கு அண்மையில் இருப்பது. அதைவிட முக்கியமாக, ஆழ்சிரைகளோடு அதை இணைக்கும் ஒரு கிளை தசையுறையைத் துளைத்து உள்ளே செல்வதால், ஆணியடித்தாற்போல் ஓரளவு நிலைத்து நிற்பது, ஊசி முனை பட்டதும் வழுக்கி விலகாதது. அது கிடைக்காதபோது செபாலிக் சிரை தேடப்படும். பேசிலிக் சிரை கடைசியாகவே தேர்ந்தெடுக்கப்படும், ஏனெனில் அதன் பக்கத்தில் தோலுக்கு உணர்வு தரும் நரம்பு செல்கிறது, அதன் அடியில் பெருந்தமனி தொலைவில் இல்லை. மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்திலும் செபாலிக் சிரையை ஒட்டி ஒரு நரம்புக்கிளை ஓடுவதால் அங்கே குத்துவதைத் தவிர்க்கின்றனர். ஊசியேற்றும் இடத்திற்கு நான்கைந்து விரற்கடை மேலே ரப்பர் பட்டை கட்டப்படும். அது சிரையை அழுத்தி மூடும் அளவுக்கு இறுகவேண்டும், தமனியை மூடும் அளவுக்கு இறுகக்கூடாது. ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குமேல் பட்டை கட்டியே இருந்தால் சிரையில் தேங்கிய இரத்தத்தின் செறிவு மாறி ஆய்வு முடிவுகள் பிழைபடும். சிரை எங்கே என்பதைக் கண்ணைவிட விரலே நன்கு சொல்லும் என்பது இத்தொழிலில் தேர்ந்தோர் அனைவரும் அறிந்தது: அழுத்தினால் உள்வாங்கி மீண்டெழுவது சிரை, துடிப்பது தமனி, கயிறுபோல் விறைத்து நிற்பது தசைநாண்.

தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் இவையனைத்துக்கும் மக்கள் வழங்கும் சொல் 'நரம்பு' ஒன்றே. இரத்தம் எடுப்பவர் 'நரம்பு கிடைக்கவில்லை' என்கிறார். சிரையில் ஏற்றப்படும் மருந்து 'நரம்பு ஊசி' எனப்படுகிறது. பாடநூல்கள் சிரை என்றும், இலங்கைப் பாடநூல்கள் நாளம் என்றும் எழுதினாலும், வழக்கு மாறவில்லை. இதை அறியாமை என ஒதுக்குவது நேர்மையாகாது. யாழின் தந்தி, தசையைப் பிணிக்கும் நாண், தோலின் கீழ் புடைத்துத் தெரியும் குழாய் ஆகிய யாவற்றையும் இழைபோல் நீண்டு இழுபட்டு நிற்பது என்ற ஒரே தன்மையால் ஒன்றாகக் கண்ட பழைய பார்வை அச்சொல்லில் தங்கியிருக்கிறது. பழைய கிரேக்கர்களும் தசைநாணையும் நரம்பையும் ஒரே சொல்லால் அழைத்தவர்களே. புறநானூற்றின் 278ஆம் பாடலில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதிய தாயின் உருவத்தில், முதலில் கண்ணுக்குப் படுவது வற்றிய தோளில் புடைத்துக் கிளம்பிய நரம்புகளே. முதுமையில் தோலடிக் கொழுப்பு குறைந்து சிரைகள் தெளிவாகத் தெரிகின்றன; ஆனால் அவற்றைப் பற்றி நிறுத்தும் திசு தளர்ந்துவிடுவதால் ஊசி முனையிலிருந்து அவையே மிகுதியாக நழுவுகின்றன, எளிதில் கிழிந்து இரத்தம் கசிந்து கன்றிப்போகின்றன. கண்ணுக்குத் தெரிவது கைவசமாகிவிட்டது என்று பொருளல்ல என்பதை முதியோர் கையில் ஊசியேற்றுபவர் நாள்தோறும் அறிகிறார்.

சிரையைக் குத்தி இரத்தம் வடிக்கும் வினைக்கு இந்திய மருத்துவ மரபில் சிராவேதம் என்று பெயர். சுசுருத சம்ஹிதையின் உடற்கூற்றுப் பகுதி, உடலில் 700 சிரைகள் எனக் கணக்கிட்டு, அவற்றுள் 98 குத்தத்தகாதவை என வகுத்து, கைகால்களில் 16, நடு உடலில் 32, காறை எலும்புக்கு மேல் 50 எனப் பிரித்துரைக்கிறது. எண்கள் இன்றைய உடற்கூற்றோடு பொருந்துவதில்லை. எனினும், எதைக் குத்தலாம் என்பதற்கு முன்னரே எதைக் குத்தக்கூடாது என்பதை வகுக்கவேண்டும் என்ற அந்நூலின் ஒழுங்கு கருதத்தக்கது. அங்கே காப்பது உடலின் அமைப்பு அன்று, குத்துபவரின் அறிவு. பிரெஞ்சுப் பெயர் கைக்குள் கிடக்கும் படலத்திடம் ஒப்படைத்த காவற்பணியை, சம்ஹிதை கத்தி பிடித்த கையிடமே ஒப்படைத்துவிடுகிறது.

உறுப்பு ஒவ்வொன்றும் ஒரு பயன் கருதி அமைக்கப்பட்டது என்ற கொள்கைக்கு மேலை மருத்துவத்தில் மிகப் பெரிய அரண், பழைய கிரேக்க மருத்துவர் கேலன் எழுதிய 'உறுப்புகளின் பயன்' என்னும் 17 பகுதிகள் கொண்ட நூல். அதை அவர் மருத்துவ நூலாக மட்டும் கருதவில்லை. படைத்தவனுக்குப் பலியிடுவதைவிட, அவன் கைவண்ணத்தை அறிந்து பிறருக்கு அறிவிப்பதே உண்மையான வழிபாடு என்று நம்பி, அந்நூலையே ஒரு துதியாக எண்ணினார். இக்கொள்கையின் வலிமையும் வலுவின்மையும் ஒரே இடத்தில் வெளிப்பட்ட நிகழ்வு, கையின் மேற்சிரைகளைப் பற்றியதே. இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகத்தில் உடற்கூறு கற்பித்த பாப்ரீசியஸ், சிரைகளின் உட்சுவரில் இடைக்கிடையே சிறு மடிப்புகள் இருப்பதை ஆராய்ந்து 1603இல் ஒரு நூல் வெளியிட்டார். கட்டப்பட்ட கையில், சிரை நெடுகிலும் அங்கங்கே முடிச்சுப்போல் புடைத்து நிற்கும் இடங்களே அவற்றின் வெளியடையாளம் என்று படம் வரைந்தும் காட்டினார். இம்மடிப்புகள் எதற்காக என்ற வினாவுக்கு அவர் தந்த விடை, கேலன் வழியில் முற்றிலும் பொருத்தமானது: இரத்தம் கல்லீரலிலிருந்து சிரைகள் வழியே வெளிநோக்கி ஓடுவதாக அன்று நம்பப்பட்டதால், அது முழுவதும் கைகால்களுக்கே வடிந்துவிடாதபடி தடுத்து நிறுத்தும் மதகுகளாக இயற்கை அவற்றை வைத்தது என்றார்.

அவரிடம் கற்று 1602இல் பட்டம் பெற்ற வில்லியம் ஹார்வி, அதே மடிப்புகளைக் கண்டு, இயற்கை வீணாக எதையும் செய்வதில்லை என்ற அதே நம்பிக்கையோடு, அதே 'எதற்காக' என்னும் வினாவைக் கேட்டு, வேறொரு விடையை அடைந்தார். 1628இல் பிராங்க்பர்ட்டில் வெளிவந்த அவருடைய நூலில் உள்ள படங்கள், ஆசிரியரின் நூற்படத்தைத் தழுவி வரைந்த கட்டப்பட்ட கையின் படங்களே. கட்டை மிக இறுக்கினால் மணிக்கட்டில் துடிப்பு நின்று கை குளிர்கிறது. சற்றுத் தளர்த்தினால் துடிப்பு மீண்டு, கை சிவந்து, கட்டுக்குக் கீழே சிரைகள் பருத்தெழுகின்றன. ஆகவே இரத்தம் தமனி வழியே உள்ளே வருகிறது, சிரை வழியே வெளியேற முடியாமல் நிற்கிறது. பருத்த சிரையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் இரத்தத்தை மேல்நோக்கி அடுத்த முடிச்சு வரை வழித்துவிட்டால், அந்த இடைப்பகுதி வெறுமையாகவே கிடக்கிறது. மேலிருந்து எவ்வளவு தள்ளினாலும் இரத்தம் கீழே இறங்குவதில்லை. கீழே உள்ள விரலை எடுத்ததும் உடனே நிரம்புகிறது. மதகு எனக் கருதப்பட்டவை உண்மையில் ஒருவழிக் கதவுகள், அவை திறப்பது இதயத்தை நோக்கியே. இரத்தப் பரிசோதனைக்குக் கை நீட்டும் ஒவ்வொருவர் கையிலும் பட்டை கட்டப்படும்போது நிகழ்வது இந்தச் சோதனையின் முதற்பகுதிதான் என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. 400 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பேரறிவு, நாள்தோறும் எண்ணற்ற கைகளில் சொல்லின்றி மறுபடி நிறுவப்படுகிறது.

ராபர்ட் பாயில் 1688இல் வெளியிட்ட, இயற்கைப் பொருள்களின் இறுதிக் காரணங்களை, அதாவது அவை எதற்காக அமைந்தன என்பதைப் பற்றிய நூலில், ஹார்வி இறப்பதற்குச் சிறிது காலம் முன்னர் அவரோடு பேசியதைப் பதிவு செய்திருக்கிறார். இரத்தச் சுழற்சியை எண்ணத் தூண்டியது எது என்று கேட்டபோது, முன்னறிவுடைய இயற்கை இத்தனை கதவுகளைக் காரணமின்றி அமைத்திராது என்ற நினைப்பே தம்மை அங்கே கொண்டுசென்றதாக ஹார்வி கூறினாராம். பாயிலுக்கு இது படைப்பின் நோக்கத்துக்குச் சான்று. ஆனால் ஆசிரியரையும் மாணவரையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு வேறொன்று புலனாகிறது. இருவரும் ஒரே கொள்கையைப் பற்றி நின்றனர். அக்கொள்கை ஒருவரைப் பிழைக்கும் மற்றவரை உண்மைக்கும் அழைத்துச் சென்றது. இருவரையும் வேறுபடுத்தியது விரலால் செய்த சோதனை. அப்படியாயின் நோக்கம் பற்றிய நம்பிக்கை விடைதரும் ஊற்று அன்று, வினாவை எழுப்பும் தூண்டுகோல். 1790இல் மெய்யியலாளர் கான்ட் இதையே கோட்பாடாக வகுத்தார்: உயிருடலின் உறுப்புகள் ஒன்றுக்காக ஒன்று அமைந்தவை போல எண்ணாமல் அவற்றை ஆராயவே முடியாது, ஆனால் அவ்வாறு எண்ணவேண்டியிருப்பது நம் அறிவின் இயல்பே தவிர, அவை அவ்வாறு செய்யப்பட்டன என்பதற்கு நிறுவல் ஆகாது. அவருக்கும் முன்பே, 1677இல் வெளிவந்த தம் நூலில் ஸ்பினோசா இன்னும் கடுமையாக, இறுதிக் காரணங்கள் மனிதர் தம் விருப்பங்களை இயற்கையின்மீது ஏற்றிக் கண்ட கற்பனைகளே என்று ஒதுக்கிவிட்டார்.

கதவுகளைப் பொறுத்தவரை, டார்வினுக்குப் பிறகும் 'எதற்காக' என்ற சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு. இரத்தத்தைத் திருப்பி அனுப்பும் பணியில் அவை உதவியதால்தான் அவற்றைப் பெற்ற உயிர்கள் நிலைத்தன. ஆனால் முழங்கைப் படலம் வேறு வகையது. இருதலைத் தசையின் இழுவிசையை முன்கைத் தசையுறையின்மீது பரப்புவது அதன் வேலை. கத்தியிலிருந்து தமனியைக் காத்தது அந்த வேலையின் பக்கவிளைவு. உயிரியல் ஆய்வாளர்களான ஸ்டீபன் ஜே கூல்டும் எலிசபெத் வெர்பாவும் 1982இல் எழுதிய கட்டுரையில், ஓர் உறுப்பு எதன் பொருட்டு உருவானதோ அதுவல்லாத பயனுக்குப் பின்னாளில் உதவுவதைத் தனியாகப் பெயரிட்டுப் பிரித்தனர். படலத்தின் காவல் அவ்வகைப் பயனைக்கூட முழுமையாக எட்டவில்லை, ஏனெனில் கத்தியும் ஊசியும் மனித உடலின் வரலாற்றில் நேற்று வந்தவை. இதைவிட வலிமையான மறுப்பு ஒன்று உண்டு. இப்படலம் இரத்தம் வடிப்போருக்காகவே வைக்கப்பட்டது என்றால், எந்தச் செயலின்பொருட்டு வைக்கப்பட்டது என்று கேட்கவேண்டும். 1835இல் பாரிஸ் மருத்துவர் பியேர் லூயி நோயாளிகளை எண்ணிக் கணக்கிட்டு, நுரையீரல் அழற்சியில் இரத்தம் வடிப்பதால் கிட்டும் பயன் மிகச் சிறிது என்று காட்டினார். உடலில் இரும்புச்சத்து மிகும் நோய் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே அம்முறை இன்று மிஞ்சியிருக்கிறது. ஆயிரமாயிரம் நோயாளிகளை மேலும் நலிவித்த ஒரு தவற்றைப் பாதுகாப்பாகச் செய்ய உதவுவதற்காக இறைவன் ஒரு படலத்தை விரித்து வைத்தான் என்று சொல்வது, இறைவனைப் புகழ்வது ஆகாது.

இன்னும் ஆழமான துயரம் உடலின் மாறுபாடுகளில் இருக்கிறது. மேற்சிரைகளின் அமைப்பு ஆளுக்கு ஆள் மாறுவது. சிலருக்கு நடு முழங்கைச் சிரையே இல்லாமல், முன்கையின் நடுவே ஏறிவரும் ஒரு சிரை இரண்டாகக் கிளைத்து இரு பக்கமும் சேர்கிறது. ஒருவரின் இரு கைகளே ஒத்திருப்பதில்லை. இது தீங்கற்றது. ஆனால் ஒரு சிலருக்கு முன்கைத் தமனி ஒன்று மேற்கையிலேயே பிரிந்து, படலத்துக்குக் கீழே செல்வதற்குப் பதிலாக அதற்கு மேலே, தோலடியில், சிரைக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. அவர்கள் கையில் படலம் இருக்கிறது. காக்கவேண்டியது அதற்கு வெளியே கிடக்கிறது. சிரை என்று கருதி அத்தமனியில் மருந்தேற்றி, விரல்கள் கறுத்து அழுகிய நேர்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கின்றன. படலம் காத்தவருக்கு அருள் என்று சொல்பவர், காக்காதவரிடம் எந்தச் சொல்லோடு செல்வார் என்ற வினாவிலிருந்து தப்ப முடியாது.

இவ்வினாவுக்குச் சைவ சித்தாந்தம் தரும் விடை கவனமாகக் கேட்கத்தக்கது. தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கும், அதாவது உடலும் அறிகருவிகளும் உலகும் நுகர்வும், உயிர் தன்னைப் பிணித்துள்ள மலங்களிலிருந்து நீங்கும்பொருட்டு இறைவனால் அதனதன் வினைக்கேற்பக் கூட்டப்படுகின்றன என்பது அதன் கொள்கை. இதில் அருள் என்பது உறுப்புகளின் வசதியைக் குறிப்பதன்று. வசதியும் இடரும் ஒருங்கே அமைந்த இந்த உடல் முழுவதுமே உயிரின் விடுதலைக்கான கருவியாகத் தரப்பட்டது என்பதைக் குறிப்பது. ஆகவே, ஒரு படலத்தைச் சுட்டி 'இது அருள்' என்றும், இடம் மாறிய தமனியைச் சுட்டி 'இது அருளன்று' என்றும் பிரிப்பது சித்தாந்தத்தின் வழியன்று; அவ்வகையில் அது பிரெஞ்சுப் பெயரைவிட முதிர்ச்சியானது. எனினும் அக்கொள்கையைத் தவறாகக் கையாளும் இடரும் அதிலேயே உண்டு. தமனியில் மருந்து ஏறியதை நோயாளியின் வினை என்று ஊசி பிடித்தவர் கூறுவாராயின், தன் வினையைப் பிறர் கணக்கில் எழுதுகிறார். வினை பற்றிய பேச்சு ஒருவர் தம் துன்பத்தைத் தாங்கிக்கொள்ளத் துணையாகலாம்; பிறர்க்கு விளைவித்த துன்பத்தின் பொறுப்பிலிருந்து தப்பும் கதவாக ஒருபோதும் ஆகக்கூடாது. பௌத்தமோ, மணிமேகலையின் இறுதியில் விரிவாக உரைக்கப்படும் பன்னிரு சார்புகளின் வழியே, ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் உலகைக் காட்டி, வைத்தவர் ஒருவரைத் தேடும் தேவையையே நீக்கிவிடுகிறது. அந்த உலகில் படலத்துக்கு நன்றி கூற யாருமில்லை. ஆனால் குத்தப்படும் கையின் வலி அங்கேதான் முதன்மையான உண்மையாகிறது.

அப்படியாயின் நன்றிக்கு இடமில்லையா? தமிழ்ச் சொல் இங்கே ஒரு வழியைக் காட்டுகிறது. இன்று உதவியவரிடம் மறுமொழியாகக் கூறும் சொல்லாகிவிட்ட 'நன்றி', பழைய வழக்கில் நன்மை என்றே பொருள்பட்டது. திருக்குறளின் 11ஆம் அதிகாரத் தலைப்பான செய்ந்நன்றி அறிதல் என்பது செய்யப்பட்ட நன்மையை அறிதல் என விரியும். அத்தலைப்பின் முற்பகுதி செய்தவர் ஒருவர் உண்டு என்று கொள்கிறது என்பதை மறைக்கவேண்டியதில்லை. மனிதர் மனிதருக்குச் செய்யும் உதவியே அங்கே பொருள். ஆனால் அதன் பிற்பகுதி கவனத்துக்குரியது. அங்கே நன்றி செலுத்தப்படுவதில்லை, அறியப்படுகிறது. நன்மை கடனாக அன்று, அறிவின் பொருளாக நிற்கிறது. செலுத்துவதற்குப் பெறுபவர் ஒருவர் வேண்டும். அறிவதற்கு நன்மை ஒன்றிருந்தால் போதும். இப்பொருளில், படலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதன் மேலும் கீழும் செல்பவை எவை, யார் கையில் அது காவாது என்பவற்றைக் கற்றுத் தெளிந்து, குத்துமுன் துடிப்பு இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பவர், வைத்தவர் யாரென்று முடிவு செய்யாமலேயே அந்நன்மையை அறிந்தவர் ஆகிறார்; படலம் காக்கும் என்று நம்பி அக்கறையின்றி ஊசியை இறக்குபவர், வாயால் இறைவனை வாழ்த்தினாலும், அதை அறியாதவரே. கேலன் அறிவித்தலையே வழிபாடு என்றதில் இவ்வளவு மட்டும் எஞ்சி நிற்கத்தக்கது. கடவுளை நம்புபவர் இவ்வறிதலை வழிபாடு என அழைப்பதற்கும் நம்பாதவர் கவனம் என அழைப்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு சிறியதன்று. ஆயினும் நீட்டிய கையின்முன் இருவரும் செய்யவேண்டியது ஒன்றே.

நோக்கமின்றி அமைந்ததற்குப் பின்னர் நோக்கம் ஒன்று தரப்படுவதும் உண்டு. அதற்குச் சான்றும் இதே கைதான். படலம் காக்கத் தவறிய கைகளில், முனை சிரையின் இரு சுவர்களையும் கடந்து தமனிக்குள் இறங்கியபோது, சிலருக்கு அவ்விரண்டும் ஒன்றோடொன்று ஒட்டித் திறந்துகொண்டன. இரத்தம் வடித்தபின் இவ்வாறு முழங்கையில் சிரை பருத்து, துடித்து, அதிர்ந்து, சீறும் ஒலி எழுப்பும் நிலையை மருத்துவர் வில்லியம் ஹன்டர் 1757இல் விளக்கி எழுதினார். அவர் கண்டது ஒரு தொழிற்பிழையின் விளைவு. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கழித்து, சிறுநீரகம் செயலிழந்தோரின் இரத்தத்தை இயந்திரத்தில் தூய்மை செய்யும் முறை வந்தபோது, வாரத்தில் பலமுறை பெருமளவு இரத்தத்தை எடுத்துத் திருப்பித் தர எந்தச் சிரையும் தாங்கவில்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய பிரெஸ்ஸியா, சிமினோ ஆகியோரும் அறுவை மருத்துவர் அப்பெலும் உடன்பணியாளரும், மணிக்கட்டில் தமனியையும் அதன் பக்கத்துச் சிரையையும் வேண்டுமென்றே இணைத்து, 1966இல் அம்முறையை வெளியிட்டனர். கத்தி தவறிச் செய்ததை இப்போது கை அறிந்து செய்தது. தமனியின் அழுத்தம் பாய்ந்ததும், தலைக்குரியது என்று பொருந்தாப் பெயர் பெற்ற செபாலிக் சிரை சில வாரங்களில் விரிந்து, சுவர் தடித்து, எந்தக் காலத்திலும் தனக்கு இல்லாத ஒரு வேலையை ஏற்கிறது. பிஸ்டுலா எனப்படும் அவ்விணைப்பு உள்ள கையில் இரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது, பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கக்கூடாது, இறுக்கமான கைக்கடிகாரம் கட்டக்கூடாது, அந்தக் கையின்மீது தலைவைத்து உறங்கக்கூடாது என்று நோயாளிகளுக்குச் சொல்லித் தரப்படுகிறது. இணைப்பு இயங்குகிறதா என்பதை அவர்களே நாள்தோறும் மறு கையின் விரல்களை அதன்மேல் மெல்ல வைத்துப் பார்க்கவேண்டும். தோலுக்கடியில் பூனையின் உறுமல் போல ஓர் அதிர்வு தொடர்ந்து தென்படும், தென்படாவிட்டால் அன்றே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.